உரூஸ் என்றால் கல்யாணம்

2001ஆம் ஆண்டு தை மாதம் வாலாஜாபாத்தில் என் தங்கைக்குக் கல்யாணம் நடந்தது. மணவறைக்குப் பக்கத்தில் ஜமக்காளம் விரித்து நாயனக்காரரும் தவில்காரரும் உட்கார்ந்திருந்தார்கள். ஐயர் கையை உயர்த்தி 'கெட்டிமேளம், கெட்டிமேளம்' என்றதும் மண்டபமே அதிர்ந்தது. எல்லோரும் அட்சதையோடு முன்னால் நெருங்கினார்கள். நான் அம்மாவைத் தேடினேன். முன்வரிசையில் இல்லை, நடுவில் இல்லை. சமையற்கட்டுக்கும் பாத்திரம் கழுவுகிற இடத்துக்கும் நடுவில் சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். கையில் அட்சதை இருந்தது. அதை எங்கே போடுவது என்று தெரியாமல் மூடி வைத்திருந்தாள்.

அப்பா இறந்து அப்போது மூன்று வருடம் ஆகியிருந்தது. அம்மாவை யாரும் பின்னால் போகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். யாரும் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருந்தது. எங்கே நிற்க வேண்டும், எந்தச் சத்தத்தை எவ்வளவு தூரத்திலிருந்து கேட்க வேண்டும் என்பதை நம் பெண்களுக்கு யாரும் தனியாகக் கற்றுக்கொடுப்பதில்லை. தானாக வந்துவிடுகிறது.

அதே வருடம் எங்கள் ஊர்ப் பக்கத்துத் தர்கா ஒன்றில் சந்தனக்கூடு வந்தது. இரவு ஊர்வலம். முன்னால் பேண்டு வாத்தியம், அடுத்து தாயிரா தட்டிக்கொண்டு பக்கீர்கள், அப்புறம் நாயனமும் தவிலும், அதற்குப் பின்னால் பூவும் விளக்குமாகச் சந்தனக்கூடு. தெருவில் இந்து, முஸ்லிம் என்று பிரிக்க முடியாத கூட்டம். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு முண்டியடித்து முன்னால் போனாள். நாயனக்காரருக்கு இரண்டு கை தூரத்தில் நின்றாள். அவர் நின்று ஒரு ராகத்தை இழைத்தபோது கண்ணை மூடிக்கொண்டாள். தங்கை கல்யாணத்தில் வாசித்தவர்களில் ஒருவரும் அந்தக் கோஷ்டியில் இருந்ததாகத்தான் எனக்கு நினைவு.

அதே கருவி, அதே மூச்சு, அதே பெண். கல்யாண மண்டபத்தில் அவளால் கேட்க முடியாத நாயனத்தைத் தர்காத் தெருவில் எப்படிக் கேட்க முடிந்தது? இருபது வருடத்துக்கும் மேலாக இந்தக் கேள்வி என்னோடு இருக்கிறது. இதற்குப் பதில் தேடித்தான் ஊதுகருவிகளின் வரலாற்றுக்குள் போனேன்.

ஊரும் ஒரு சொல்லும்

எங்கள் ஊரின் பெயரிலிருந்தே தொடங்கலாம். வாலாஜா என்பது ஆர்க்காட்டு நவாப் முகமது அலியின் பட்டம். 1749 முதல் 1795 வரை நவாபாக இருந்தவர். ராணிப்பேட்டைப் பக்கத்து வாலாஜாபேட்டை, பாலாற்றங்கரையில் இருக்கும் எங்கள் வாலாஜாபாத் இரண்டும் அவர் பெயரைத்தான் சுமக்கின்றன. கம்பெனி காலத்தில் இங்கே ஒரு ராணுவ முகாம் இருந்தது. அந்த நவாபின் உடல், அவர் விரும்பிக் கொண்டாடிய சூஃபிகளின் அடக்கத்தலம் இருக்கும் திருச்சிராப்பள்ளியில் அடக்கமாகியிருக்கிறது.

ஊரின் மற்றொரு பாதி தறி. காஞ்சிபுரம் பட்டு என்று உலகம் சொல்லுவதில் ஒரு பங்கு சுற்று வட்டாரக் கிராமத்து வீடுகளில் கூலித் தறியில் நெய்யப்படுவது. என் அம்மா தார் சுற்றியவள். வலக்கையால் ராட்டையைச் சுற்றி, இடக்கையால் நூலைப் பிடித்து, ஊடைக்கான தாரை நிரப்பிக்கொண்டே இருப்பாள். தறியில் உட்கார்ந்தவர் நெசவாளி. ராட்டையைச் சுற்றியவளுக்குப் பெயர் கிடையாது, வீட்டுப் பெண் என்பதைத் தவிர. அவள் சுற்றிய பட்டெல்லாம் மணப்பெண்களின் உடம்புக்குப் போனது. அவள் கை பட்ட நூல் மணவறைக்குப் போகலாம், அவள் போகக் கூடாது.

இனி அந்தச் சொல். சந்தனக்கூட்டை எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் உரூஸ் என்றும் சொல்வார்கள். ஒரு சூஃபி ஞானி இறந்த நாளைக் கொண்டாடும் விழா அது. பல வருடங்கள் அந்தச் சொல்லுக்குத் திருவிழா என்றுதான் பொருள் என நினைத்துக்கொண்டிருந்தேன். முனைவர் பட்டத்துக்காக இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் படித்தபோதுதான் தெரிந்தது: 'உர்ஸ்' என்ற அரபுச் சொல்லுக்குப் பொருள் கல்யாணம். ஞானி இறக்கவில்லை, தன் காதலனான இறைவனைச் சேர்ந்துவிட்டார், ஆகவே அந்த நாள் திருமண நாள் என்பது சூஃபிகளின் எண்ணம்.

அம்மா அந்தத் தெருவில் முண்டியடித்துப் போய் நின்றதும் ஒரு கல்யாணத்தில்தான். சாவே கல்யாணமாகிவிட்ட கல்யாணம். அங்கே சாவைக் காரணம் காட்டி யாரைத் தள்ளி நிறுத்துவது?

கோனியாவில் ஒரு நாணல்

இந்த எண்ணத்துக்கு இசையிலும் ஆட்டத்திலும் முழு வடிவம் கொடுத்தவர்கள் துருக்கியில் கோனியா நகரத்து மெவ்லவி சூஃபிகள். அவர்களின் குரு ஜலாலுத்தீன் ரூமி 1273 டிசம்பர் 17 அன்று இறந்தார். அந்த இரவுக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஷபே அரூஸ்', அதாவது திருமண இரவு. இன்றும் ஒவ்வொரு டிசம்பரிலும் அதே பெயரில் கோனியாவில் கூடுகிறார்கள்.

அவர்களுடைய 'ஸமா' சடங்கில் சுழல்கிறவர்களைப் படங்களில் நாம் பார்த்திருப்போம். உயரமான கம்பளித் தொப்பி கல்லறையின் தலைக்கல்லைக் குறிக்கும், வெள்ளைப் பாவாடை கஃபனை, மேலே போர்த்திய கறுப்பு அங்கி கல்லறையை. அங்கியைக் கழற்றிவிட்டு, இடக்காலை ஊன்றி, வலது உள்ளங்கையை வானத்துக்கும் இடது உள்ளங்கையைப் பூமிக்கும் காட்டிச் சுழல்வார்கள். மேலிருந்து வாங்கிக் கீழே கொடுப்பதாகப் பொருள். நான்கு சுற்றுகளாக நடக்கும் இந்த ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு குழல் தனியாக வாசிக்கும். அதன் பெயர் 'நெய்'. ஒன்பது கணு உள்ள நாணல் தண்டில் ஓட்டைகள் போட்டது, அவ்வளவுதான். ரூமியின் மஸ்னவியே இந்த நாணல் குழலின் புலம்பலோடுதான் தொடங்குகிறது. நாணற்காட்டிலிருந்து வெட்டப்பட்டு வந்த தண்டு தன் வேரை நினைத்து அழுகிறது, அந்த அழுகைதான் இசை என்பது அங்கே சொல்லப்படும் கருத்து. குழல் உள்ளே வெறுமையாக இருந்தால்தான் மூச்சு அதில் ஓடும். மனிதரும் அப்படி ஆக வேண்டும் என்பது அவர்களின் பாடம்.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் பெண்ணியவாதிக்கு அழகு போதாது. அந்த வட்டத்தில் பெண்கள் எங்கே இருந்தார்கள் என்று பார்க்க வேண்டும். ரூமியின் காலத்துக்குப் பிறகு எழுதப்பட்ட மெவ்லவி வரலாறுகளில், பெண்கள் தங்கள் வீடுகளில் நடத்திய ஸமாவுக்கு ரூமி போய்வந்த செய்திகள் உண்டு. அவருக்குப் பெண் சீடர்கள் பலர் இருந்தார்கள். பின்னால் அமைப்பு இறுகி, மடங்கள் எழும்பி, விதிகள் எழுதப்பட்ட பிறகு பெண்கள் மாடத்துக்குப் போனார்கள். சடங்கு நடக்கும் கூடத்தின் மேல்தளத்தில், மரச் சட்டத் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து பார்ப்பவர்களானார்கள். 1925இல் துருக்கிக் குடியரசு சூஃபி மடங்களையெல்லாம் மூடியது. 1950களில் கலைநிகழ்ச்சி என்ற பெயரில் சுழலாட்டம் மெல்லத் திரும்பி வந்தது. 2008இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலிலும் சேர்ந்தது. சமீப காலமாக இஸ்தான்புல்லில் சில குழுக்களில் பெண்களும் ஆண்களோடு சேர்ந்து சுழல்கிறார்கள். அதை ஏற்காதவர்களும் இருக்கிறார்கள்.

தொடக்கத்தில் வட்டத்துக்குள் இருந்த பெண், நிறுவனம் வந்ததும் தடுப்புக்குப் பின்னால் போய்விடுகிறாள். இந்தக் கதை நமக்குப் புதிதில்லை. எட்டாம் நூற்றாண்டில் பஸ்ரா நகரத்து ராபியா இறைவன் மீதான காதலைப் பேசிய பிறகுதான் சூஃபி மரபே காதலின் மொழியைக் கற்றுக்கொண்டது. அவளுக்கு அடுத்து வந்த குருமார்களின் வரிசையில் எண்ணிப் பார்த்தால் அநேகமாக எல்லாரும் ஆண்கள்.

சீவாளியும் நாணல்தான்

கோனியாவின் குழலுக்கும் எங்கள் ஊர் நாயனத்துக்கும் நேரடி உறவு இருப்பதாக நான் சொல்ல வரவில்லை. ஆனால் நாகசுரத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்று எந்த வித்வானைக் கேட்டாலும் சீவாளியைத்தான் காட்டுவார். ஆச்சா மரத்தில் கடைந்த உலவு, கீழே அனசு, ஏழு விரல்துளைகள் எல்லாம் இருந்தும், வாயில் வைக்கும் அந்தச் சின்னச் சீவாளி இல்லாவிட்டால் அது வெறும் மரக்கட்டை. சீவாளி செய்வது நாணல் இனத்துத் தட்டையில். காவிரிக் கரையில் வெட்டி, காயவைத்து, வேகவைத்து, பதப்படுத்திக் கட்டுவார்கள். கும்பகோணத்துக்குப் பக்கத்து நரசிங்கம்பேட்டையில் கடையும் நாகசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கேயும் கோனியாவிலும் ஆற்றங்கரைத் தட்டை ஒன்றில் மனித மூச்சு போய்த்தான் இசையாகிறது.

அந்த மூச்சுக்கு மதம் கிடையாது என்று மேடையில் பேசுவது எளிது. வரலாற்றிலும் அதற்குச் சான்றுகள் உண்டு. அஜ்மீர் தர்கா வாசலில் நகாரா முழங்க ஷெனாய் ஒலிக்கும். நாகூர் தர்காவின் ஐந்து மினாராக்களில் உயரமான 131 அடி மினாராவைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப்சிங். அந்தத் தர்காவில் நகராவோடு நாகசுரமும் ஒலித்த மரபு உண்டு. எதிர்த் திசையிலும் பாதை இருந்தது. ஆந்திரத்தின் கரவதி கிராமத்தில் 1924இல் பிறந்த ஷேக் சின்ன மௌலானா, தலைமுறை தலைமுறையாக நாகசுரம் வாசித்த முஸ்லிம் குடும்பத்தவர். நாச்சியார்கோவில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் தஞ்சை பாணியைக் கற்று, ஸ்ரீரங்கத்திலேயே குடியேறினார். தியாகராஜரின் ராம கீர்த்தனைகளை உருகி உருகி வாசித்தார். 1998இல் மியூசிக் அகாடமி அவருக்கு சங்கீத கலாநிதி கொடுத்தது. அடுத்த ஆண்டு இறந்தார்.

மதத்தைத் தாண்டிய மூச்சு இது. பெண் என்ற கோட்டையும் தாண்டியதா?

பெரிய மேளம், சின்ன மேளம்

கோவில்களில் நாகசுரமும் தவிலும் சேர்ந்த கோஷ்டிக்குப் பெரிய மேளம் என்று பெயர். தேவரடியார் பெண்கள் ஆடிய சதிருக்குச் சின்ன மேளம் என்று பெயர். பல இடங்களில் இரண்டும் ஒரே வீட்டிலிருந்து வந்தவை. அண்ணன் ஊதுவான், தங்கை ஆடுவாள். மூச்சு ஆணுக்கு, சுழற்சி பெண்ணுக்கு. பெரிது, சின்னது என்ற பெயர்களுக்கு வேறு விளக்கம் சொல்பவர்கள் இருக்கலாம். எனக்கு அந்த அடைமொழிகளே போதுமான விளக்கமாகத் தெரிகின்றன.

நம் வெகுஜன நினைவும் இதே பங்கீட்டில்தான் நிற்கிறது. கொத்தமங்கலம் சுப்புவின் 'தில்லானா மோகனாம்பாள்' 1968இல் படமானபோது ஷண்முகசுந்தரம் ஊதினார், மோகனாம்பாள் ஆடினாள். திரைக்குப் பின்னால் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். அதற்கு முன்னால் 1962இல் 'கொஞ்சும் சலங்கை'யில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரத்தோடு எஸ். ஜானகியின் குரல் போட்டி போட்டது. பெண் ஆடலாம், பாடலாம், நாயனத்தோடு மல்லுக்கட்டலாம். நாயனத்தை வாயில் மட்டும் வைக்கக் கூடாது.

தேவரடியாரை 'நித்திய சுமங்கலி' என்பார்கள். கடவுளுக்குக் கட்டப்பட்டவள், அவளுடைய கணவனுக்குச் சாவில்லை, ஆகவே அவள் விதவையாவதே இல்லை. ஊர்க் கல்யாணங்களில் அவள் கையால் கோத்த தாலிக்கு மவுசு இருந்தது. சூஃபியின் திருமண இரவுக்கு மிகப் பக்கத்தில் நம் மரபில் இருந்த உருவம் இவள்தான். ஆனால் வித்தியாசம் பெரிது. சூஃபி தானே விரும்பி மணப்பெண்ணானான். இந்தச் சிறுமியை யாரும் கேட்கவில்லை. பொட்டுக்கட்டுக்குப் பின்னால் இருந்த சுரண்டலை மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் 1936இல் 'தாசிகள் மோசவலை' நாவலில் எழுதினார். முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் போராடினார். 1947இல் சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டைத் தடுக்கும் சட்டம் வந்தது. வர வேண்டிய சட்டம். ஆனால் அதற்குப் பிறகு கோவிலிலிருந்து சின்ன மேளம் முழுக்க வெளியே போனது, பெரிய மேளம் உள்ளேயே இருந்தது என்பதையும் நாம் எழுதி வைக்க வேண்டும். அண்ணனின் மூச்சு புனிதமாகவே தொடர்ந்தது. தங்கையின் கலையை வேறு சாதிப் பெண்கள் சபாவுக்கு எடுத்துப் போனார்கள். ஊதும் உரிமை தங்கைக்கு அப்போதும் வரவில்லை.

பொன்னுத்தாய் கீழே வைத்த நாயனம்

இந்தப் பங்கீட்டை மீறியவர்கள் இருந்தார்கள். மதுரை எம்.எஸ். பொன்னுத்தாய் அவர்களில் முதன்மையானவர். பெரும் புகழ்பெற்ற முதல் பெண் நாகசுரக் கலைஞராகப் போற்றப்படுபவர். டி.என். ராஜரத்தினம் பிள்ளை போன்ற ஆண் சிங்கங்கள் உலவிய காலத்தில், இரண்டரை அடிக்கு மேல் நீளமான கருவியைத் தூக்கிக்கொண்டு கோவில் வீதியில் நடந்து வாசித்த பெண் அவர்.

கணவர் இறந்தபின் அவர் வாசிப்பதை விட்டுவிட்டார். 2012இல் இறந்தார்.

இந்த இரண்டு வரிகளை முதன்முதலில் படித்தபோது எனக்குத் தங்கை கல்யாணம்தான் நினைவுக்கு வந்தது. அம்மா கேட்பவள், பொன்னுத்தாய் வாசிப்பவர். ஒருவர் கேட்ட இடத்திலிருந்து நகர்ந்தார், மற்றவர் வாசித்த இடத்திலிருந்தே நகர்ந்தார். இருவரையும் நகர்த்தியது ஒரே சொல்: மங்கல வாத்தியம். நாகசுரத்துக்கு நாம் பெருமையாகக் கொடுத்த பட்டம் அது. ஒரு பொருளை மங்கலம் என்று சொல்லிய கணத்தில் அமங்கலம் என்று ஒருத்தியைச் சொல்லியாக வேண்டியிருக்கிறது. கெட்டிமேளம் எதற்கு? தாலி கட்டும் நேரத்தில் தும்மலோ அழுகையோ அபசகுனமாகக் காதில் விழுந்துவிடக் கூடாது என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். ஒரு விதவையின் அழுகையை மூடுவதற்கு இசைக்கப்படும் கருவியை ஒரு விதவையே வாசித்தால் என்ன ஆகும் என்ற கேள்வியைத் தாங்கும் தைரியம் நம் ஊருக்கு இருக்கவில்லை.

அதே கருவியை வாசித்த ஆண்களில் மனைவியை இழந்தவர்கள் எத்தனை பேர்? யாரும் கணக்கெடுக்கவில்லை. எடுக்கத் தேவையில்லை. அவர்களில் யாரையும் எந்த மணவறையும் அதற்காகத் திருப்பி அனுப்பியிருக்காது.

மங்கலத்தைத் தவிர வேறு காரணங்களும் சொல்வார்கள். பெண்ணுக்கு மூச்சு போதாது, அடிவயிற்றிலிருந்து ஊதினால் கர்ப்பப்பை இறங்கிவிடும், கன்னம் உப்பினால் முகம் கெடும். மூச்சு போதாது என்று சொல்லப்பட்ட அதே உடம்புதான் பிரசவ அறையில் மணிக்கணக்கில் மூச்சைப் பிடித்துத் தள்ளுகிறது. நாகசுரக் கோஷ்டியில் ஒத்து என்று ஒரு கருவி உண்டு. ஒரே சுரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். ஒத்து ஊதுபவர் மூக்கால் மூச்சை இழுத்துக்கொண்டே வாயால் விட்டுக்கொண்டிருப்பார். வீட்டிலும் அலுவலகத்திலும் நம் பெண்கள் ஒத்து ஊத வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள், நிஜமான ஒத்தை மட்டும் அவர்கள் கையில் கொடுக்கவில்லை.

புல்லாங்குழலில் சிக்கில் சகோதரிகள் குஞ்சுமணியும் நீலாவும் இந்தப் பேச்சையெல்லாம் எப்போதோ பொய்யாக்கினார்கள். 2002இல் சங்கீத கலாநிதி வாங்கினார்கள். நாகசுரத்தில் இன்று நாம் சொல்ல வேண்டிய பெயர் காலீஷாபி மஹபூப். ஆந்திரத்து முஸ்லிம் நாகசுர மரபில் பிறந்து, கணவர் ஷேக் மஹபூப் சுபானியோடு சின்ன மௌலானாவிடம் பயின்று, ஸ்ரீரங்கத்தில் வாழ்பவர். 2020இல் இருவருக்கும் சேர்த்துப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. ஒரு முஸ்லிம் பெண், பட்டுப்புடவை கட்டி, கோவில்களில் கீர்த்தனை வாசிக்கிறார். சாதி, மதம், பால் மூன்று தடுப்புகளையும் ஒரே மூச்சில் தாண்டியவர் என்று அவரைக் கொண்டாடுகிறோம். கொண்டாட வேண்டியதுதான். ஆனால் தம்பதி என்ற அடைமொழியோடுதான் நாம் அவரைக் கேட்கிறோம் என்பதும் எனக்கு உறுத்துகிறது. கணவர் பக்கத்தில் இருக்கும்போது மங்கலத்துக்குக் குறையில்லை. தனியாக வாசிக்கும் பெண்ணையும் இதே நிம்மதியோடு நம் மணவறைகள் கூப்பிடுகிற நாள் வந்த பிறகுதான் தடுப்பு விழுந்ததாகச் சொல்வேன்.

தெருவரைக்கும்தான்

இவ்வளவையும் எழுதிவிட்டு, தர்கா பெண்களுக்கு விடுதலை கொடுத்தது என்று முடித்துவிட எனக்கு ஆசைதான். பல வருடங்கள் அப்படித்தான் மேடைகளில் பேசியும் இருக்கிறேன். ஒரு மாணவி என்னைத் திருத்தினாள். தர்காத் தெருவில் வளர்ந்தவள். 'தெருவுல நிக்கலாம் மேடம். உள்ள கபுருகிட்ட போக முடியுமான்னு கேளுங்க' என்றாள்.

அவள் சொன்னது சரி. பல தர்காக்களில் பெண்கள் வாசற்படியோடும் ஜன்னலோடும் நிற்க வேண்டும். மும்பை ஹாஜி அலி தர்காவில் பெண்கள் அடக்கத்தலத்துக்குள் வரக் கூடாது என்று 2012இல் நிர்வாகம் தடுத்தது. பாரதிய முஸ்லிம் மகிளா ஆந்தோலன் பெண்கள் நீதிமன்றம் போனார்கள். 2016இல் மும்பை உயர் நீதிமன்றம் தடையை நீக்கியது. அது வரை அந்தப் பெண்களும் தங்கள் ஞானியின் கல்யாணத்தில் பின்கட்டில் நின்றவர்கள்தான்.

ஆனாலும் ஒரு வித்தியாசத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வாசலில் நிறுத்தப்பட்டபோது எல்லாப் பெண்களும் சேர்ந்து நிறுத்தப்பட்டார்கள். அவர்களுக்குள் தாலி இருப்பவள், இல்லாதவள் என்று யாரும் பிரிக்கவில்லை. நபியின் முதல் மனைவி கதீஜா மணமாகி வந்தபோது கணவனை இழந்தவர். விதவையின் மறுமணம் அங்கே வெட்கப்பட வேண்டிய செய்தி இல்லை. தெருவில் என் அம்மாவுக்குக் கிடைத்தது விடுதலை அல்ல. அவள் கழுத்தை யாரும் பார்க்காத ஒரு மணி நேரம். அதுவே அவளுக்குப் பெரிதாக இருந்தது என்பது நம்மைப் பற்றிய செய்தி.

தமிழ்ச் சூஃபி மரபிலும் தெருவோடு நின்றுவிடாத பெண்கள் இருந்தார்கள். சென்னைத் தொண்டையார்பேட்டையோடு பெயர் பிணைந்துவிட்ட குணங்குடி மஸ்தான் சாகிபு இறைவனை மனோன்மணி என்ற பெண்ணாக்கி உருகினார் என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். கீழக்கரை ஆசியா உம்மாவைப் படிப்பதில்லை. 1868இல் பிறந்து 1948 வரை வாழ்ந்தவர். ஞானப் பாடல்களாகவே எழுதியவர். தென்காசி ரசூல் பீவி, இளையான்குடி கச்சிப்பிள்ளை அம்மாள் என்று இன்னும் பெயர்கள் உண்டு. இவர்களுக்கு முன்னாலிருந்த இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் குறவஞ்சி, ஏசல், கும்மி என்று நம் வடிவங்களையெல்லாம் எடுத்து ஞானம் பாடியது. அதில் கும்மி என்னை நிறுத்துகிறது. பெண்கள் வட்டமாக நின்று, குனிந்து நிமிர்ந்து, கைதட்டிச் சுற்றிவரும் ஆட்டம் அது. கோனியாவின் சுழலாட்டத்தைத் தேடி இவ்வளவு தூரம் போனேன். எங்கள் தெருவில் பொங்கலுக்கு அத்தைகளும் சித்திகளும் கும்மி அடித்ததை அதுவரை நான் சுழற்சியாகக் கணக்கில் எடுத்ததே இல்லை. அம்மாவின் ராட்டையையும் அப்படித்தான்.

வருகிற தையில்

என் கல்யாணத்தைப் பதிவு அலுவலகத்தில் செய்துகொண்டேன். மேளம் வைக்கவில்லை. அம்மா என் பக்கத்தில் நின்று மாலை எடுத்துக் கொடுத்தாள். அதைப் பெரிய வெற்றியாக நினைத்திருந்தேன். இப்போது யோசித்தால், மங்கலத்தை நான் வெல்லவில்லை, நாயனத்தை வெளியே விட்டுவிட்டுத் தப்பித்திருக்கிறேன். அம்மாவுக்கு வேண்டியிருந்தது நாயனம் இல்லாத கல்யாணம் அல்ல. நாயனத்தைப் பக்கத்தில் நின்று கேட்கும் கல்யாணம்.

2001இல் கல்யாணமான தங்கையின் மகளுக்கு வருகிற தையில் முகூர்த்தம் குறித்திருக்கிறார்கள். இந்த முறை நான் முன்கூட்டியே பேசிவிட்டேன். அம்மா முன்வரிசையில் உட்கார வேண்டும், தாலித் தட்டை அவள் கையில்தான் முதலில் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நான் வரப்போவதில்லை என்று சொன்னேன். தங்கை உடனே சரி என்றாள். பேத்தி, 'ஆயாதான் வேணும்' என்றாள். சம்பந்தி வீட்டில் ஒரு நாள் எடுத்துக்கொண்டு, பிறகு சம்மதித்தார்கள். மறுத்தது அம்மாதான்.

'எனக்கு எதுக்குடி தட்டு. பேத்திக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா ஊரு என்னைத்தான் சொல்லும். நீ வந்து நிப்பியா அப்போ?'

எனக்குப் பதில் தெரியவில்லை. இருபத்தைந்து வருட வாசிப்பும் கோனியாவும் நாகூரும் அந்தக் கேள்விக்கு முன்னால் உதவவில்லை. மங்கலம் என்ற சொல்லின் விலையைக் கடைசியில் கட்டப்போவது நான் அல்ல, அவள்.

இரண்டு நாள் கழித்து அவளே ஆரம்பித்தாள். அவள் தார் சுற்றுவதை விட்டுப் பல வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் பேசும்போது வலக்கை தானாகச் சுற்றும்.

'மேளக்காரங்க விடியக்காலையிலயே வந்துடுவாங்க இல்ல?'

'ஆமா.'

'அவங்களுக்குக் காப்பி நான்தான் கொண்டுபோய்க் குடுப்பேன். அவங்க குடிச்சு முடிக்கறவரைக்கும் அங்கதான் இருப்பேன். டம்ளர் வாங்கணும் இல்ல.'

'முகூர்த்த நேரத்துலயும் காப்பி குடிப்பாங்களாம்மா?'

'குடிக்கட்டுமே. யார் வேணாம்னது?'